தண்டவாளத்துக்கு அங்காலை

“அந்தப் பேப்பர்த் துண்டை ஏன் கொண்டுபோய்க் குடுத்தனீர்?”

“மெல்லக் கதையுங்கோ, பிள்ளை உள்ளுக்கை—”

“ஆரைக் கேட்டுக் குடுத்தனீர் எண்டு கேக்கிறன்!”

“—படிக்குது எண்டு சொல்லுறன். ஆரைக் கேக்கிறது? என்ர தம்பியின்ர பேர் அச்சிலை வந்திருக்கு. அதைக் குடுக்க நான் ஆரைக் கேக்கவேணும்?”

“அதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீரோ?”

“படம் இருக்கு. பேர் இருக்கு.”

“பேருக்குக் கீழை?”

“கீழை என்ன, எழுத்துத்தான்.”

“எழுத்துத்தான்! அந்த எழுத்துத்தான் அவனைக் கொழும்புக்கு ஏத்தப் போகுது.”

பற்றிமாவின் குரல் அதோடு நின்றது. அடுப்பில் மீன் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர்களுடைய கதவும் என்னுடைய கதவும் எதிரெதிர். மீன் பொரிக்கிற நாளில் பற்றிமா கதவைத் திறந்துவிடுவாள், மணம் படியிறங்கிப் போகட்டும் என்று. கீழ்வீட்டு ஜெர்மன்காரர்கள் முதலில் முகம் சுளித்து, பிறகு மணத்தை வைத்தே இன்று வெள்ளிக்கிழமை என்று சொல்லப் பழகியிருந்தார்கள். கெல்சென்கிர்ச்சனில், 2004 மே மாதம்.

பற்றிமாவின் புருசன் வின்சன்ற் பாண் தொழிற்சாலையில் காலைமுறை முடித்து வந்து, தலையில் மாவோடுதான் நின்றான். பற்றிமா முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதி. இரண்டு பேரும் ஜெர்மன் பாஸ்போட் எடுத்துவிட்டார்கள். பிரச்சினை பற்றிமாவின் தம்பி பென்ஜமினுக்கு. அவன் வந்து நாலு வருடம் முடிந்தும் அகதி மனு இழுபட்டுக்கொண்டிருந்தது. ஊரில் சமாதானம் என்று செய்தி வந்த நாள்முதல், இனி உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிற மாதிரித்தான் கடிதங்கள் வந்தன. திங்கட்கிழமை அவனுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மீன், வரச்சொல்லிக் குறித்த நாள். கையில் இருக்கிற தற்காலிக அனுமதிக் கடதாசியை நீட்டுவார்களா, மறிப்பார்களா என்பது அன்றைக்குத் தெரியும். கடைசி டெர்மீனில் வழக்கறிஞர் சொல்லியிருந்தார்: இந்த ஊரோடு ஒட்டி வாழ்கிறான் என்று காட்ட என்ன பத்திரம் இருந்தாலும் கொடுங்கள் என்று. பற்றிமா பாதரின் கடிதத்தையும் டொச் மொழி படித்த சான்றிதழையும் சேர்த்தாள். பைல் மெலிந்து கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் மகள் டெல்சி காந்தத்தால் ஒட்டி வைத்திருந்த பேப்பர்த் துண்டையும் கழற்றிக் குத்தி, அன்று காலை வேலைக்குப் போகிற வழியில் அலுவலகத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

வீடுவீடாக இலவசமாகப் போடுகிற வாரப் பேப்பர் அது. வாசகர் எடுத்த படம் என்று வாரம் ஒன்று போடுவார்கள். அந்த வாரம் பென்ஜமினின் படம். சரளைக்கல் நிலத்தில், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் போட்ட ஒரு சின்னக் குருவி, ஒரு செட்டையை முறிந்ததுபோல் விரித்து இழுத்துக்கொண்டு. கீழே அவனுடைய பெயர். பெயருக்குக் கீழே தேதி, நேரம், எடுத்த இடம்: மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் வெளி, எசன்.

எசன் என்பது அடுத்த நகரம். ட்ராமில் ஏறினால் பத்து நிமிடத்தில் அதன் எல்லை. ஆனால் மனு முடியாதவன் தன் பெயர் பதிந்த நகரத்தைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. வைப்பதென்றால் முதலில் கடிதம் வாங்க வேண்டும். போன ஆவணியில் கேவலார் மாதா கோயில் யாத்திரைக்கு எல்லாத் தமிழரும் போனபோது அவனும் கடிதமில்லாமல் ரயிலேறிப் பிடிபட்டிருந்தான். முதல்முறை என்று தண்டத்தோடு விட்டார்கள். இரண்டாம்முறை என்றால் வழக்கு. வழக்கு விழுந்தால் மனுவின் கதை முடிந்தது.

“எனக்கு என்ன தெரியும் அது எசன் எண்டு?” பற்றிமா இப்போது மெதுவாகத்தான் சொன்னாள். “வெறும் காடு. குருவி இருக்குது.”

“காட்டுக்கும் பேர் வைச்சிருக்கிறாங்கள் இந்த நாட்டிலை.”

பென்ஜமின் அகதிகள் தங்கும் ஹைமில் இருந்து வந்தான். காலையில் நகரசபைப் பூங்காவில் இலை கூட்டவேண்டும், சம்பளமில்லாமல் செய்யச்சொல்லிக் கொடுத்த வேலை. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டான். சத்தம் நின்ற வீட்டின் அமைதி வேறு.

“மச்சான், இஞ்சை வா. இரு. நீ ஏன்டா இடத்தின்ர பேரை எழுதினனி?”

“கேட்டிருந்தவை அத்தான். எங்கை, எப்ப எடுத்ததெண்டு எழுதச் சொல்லி.”

“கேட்டால்? வந்த நாளையிலயிருந்து எங்களிட்டை ஆயிரம் கேள்வி கேட்டவங்கள். எல்லாத்துக்கும் உண்மைதான் சொன்னனாங்களோ?”

“அது எங்களைப் பற்றிக் கேட்டது. இது குருவியைப் பற்றி.”

“என்ன வித்தியாசம்?”

“குருவி நிக்கிற இடத்தைப் பிழையா எழுதினால், பிறகு பாக்கப் போறவன் வேறை இடத்திலை நிண்டு தேடுவான்.”

“தேடட்டும்! உன்னைத் தேடாமல் விட்டால் காணும்.”

பற்றிமா மீன் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். “முதல் சாப்பிடுங்கோ ரெண்டு பேரும். நேசமக்கா, நீங்களும் வாங்கோ, கதவுக்கு அங்காலை நிண்டு கேக்காமல்.”

நான் போனேன். மறைக்க என்ன இருக்கிறது.

அந்தக் கமராவின் கதையையும் சொல்ல வேண்டும். டெல்சி கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாளில் படம் எடுக்க வின்சன்ற் வாங்கியது. மூன்று பிலிம் றோல் எடுத்தான், எல்லாவற்றிலும் பிள்ளைக்குத் தலை இல்லை. அதற்குப் பிறகு கமரா பென்ஜமின் கைக்குப் போனது. சம்பள வேலைக்கு அனுமதியில்லாதவனுக்குப் பகல் நீளமானது. மற்றப் பொடியன்கள் ஹைமில் கட்டிலில் கிடந்து யோசித்தே நரைத்தார்கள். இவன் பழைய ஜன்னல் திரைத்துணி ஒன்றைப் போர்த்துக்கொண்டு கால்வாய்க் கரையிலும் சுரங்க வெளியிலும் கல்லுப்போல் கிடந்தான். அப்போதெல்லாம் எடுத்தவுடன் படம் பார்க்க முடியாது. றோலைக் கடையில் கொடுத்தால் மூன்று நாள். புதன்கிழமைகளில் கடித உறையோடு படியேறி வருவான், கண் சிரிக்கும். முப்பத்தாறு படத்தில் முப்பது வெறும் புல்லாக இருக்கும். “இதிலை இப்பத்தான் நிண்டது” என்று புல்லைக் காட்டுவான். நாங்களும் புல்லைப் பார்ப்போம். அந்தப் புதன்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தேத்தண்ணி மணக்கிறது.

“இப்ப என்ன செய்யிறது?” என்றாள் பற்றிமா.

“ஒண்டு செய்யலாம்,” வின்சன்ற் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். “எல்லை அந்த வெளிக்குள்ளாலைதானே போகுது? குருவி எசனிலை நிண்டது, இவன் கெல்சென்கிர்ச்சனிலை நிண்டு எடுத்தவன் எண்டு சொல்லுவம்.”

“ஏலாது அத்தான்.”

“ஏன் ஏலாது?”

“இந்த லென்சுக்கு ஏழெட்டு அடிக்குள்ளை போகவேணும். படத்தைப் பாத்தாலே தெரியும்.”

“ஆருக்குத் தெரியும்? ஒபீசிலை இருக்கிற மனிசிக்குக் குருவியைப் பற்றி என்ன தெரியும்?”

“தெரியாட்டி நல்லது. தெரிஞ்சால்?”

வின்சன்ற் கையைக் கழுவி வந்தான். “நாளைக்குப் போய்ப் பாப்பம். எல்லை எங்கையெண்டு கண்ணாலை பாக்காமல் நான் திங்கட்கிழமை வாய் திறக்கமாட்டன்.” டொச்சில் கதைக்கப்போவது அவன். அந்தப் பயம் அவனுக்கு.

சனிக்கிழமை நாலு பேரும் போனோம். டெல்சியை அவளுடைய சிநேகிதி வீட்டில் விட்டோம். பற்றிமா கட்லட் சுட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, பாய் ஒன்றும் சுருட்டிக்கொண்டாள். “சுற்றுலாப் போறமோ?” என்று வின்சன்ற் கேட்டதற்கு, “எல்லை பாக்கப் போறம், பசிக்காதோ?” என்றாள்.

வெளியில் காற்று. மே மாதம் என்றாலும் கழுத்துக்குள் குளிர் நுழைகிற காற்று. சுரங்கம் மூடி எத்தனையோ வருடம். கம்பிவேலியில் ஆட்கள் நுழைந்து நுழைந்து வந்த ஓட்டை. உள்ளே கரிச்சாம்பலும் சரளையும் கலந்த கறுத்த நிலம், அங்கங்கே வெள்ளைப்பட்டை போட்ட இளமரங்கள். தூரத்தில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம், மேலே இரண்டு பெரிய சில்லு. ஒரு காலம் அந்தச் சில்லுதான் ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றியதாம். இப்போது அதில் காகம் இருந்தது.

வின்சன்ற் பெற்றோல் கடையில் வாங்கிய நகர வரைபடத்தை விரித்தான். காற்று அதை அவன் முகத்தோடு அடித்தது.

“பிடியும் இதை. அந்த மூலையை. இல்லை, மற்ற மூலையை.”

“நீங்கள் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்.”

“கோபுரம் அங்கை. அப்ப வடக்கு இது. மச்சான், எல்லை இந்தத் தண்டவாளம்தான்.”

புல்லுக்குள் புதைந்த ஒற்றைத் தண்டவாளம். கரி ஏற்றிய வண்டிகள் ஓடிய பாதை. அதற்கு இங்காலும் அங்காலும் ஒரே சரளை, ஒரே மரம். பலகையும் இல்லை, கல்லும் இல்லை.

“இதோ?” என்றாள் பற்றிமா. “இதுக்காகவே என்ர தம்பியைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்?” காலைத் தூக்கி அங்கால் வைத்தாள். பிறகு இங்கால் வைத்தாள். “இப்ப எசன். இப்ப கெல்சென்கிர்ச்சன். இப்ப எசன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

“உமக்கு நடக்காது. உம்மிட்டைச் சிவத்தப் பாஸ்போட்.”

பென்ஜமின் தண்டவாளத்துக்கு இங்கால் நின்றான். கால்விரல் இரும்பைத் தொடாமல் நின்றான். ஒரு மாதமாக அங்கால் குப்புறக் கிடந்தவன்தான்.

“கூடு எங்கை?” என்றேன்.

“நேர நாப்பது அடி. அந்த முறிஞ்ச குழாய் தெரியுதே, அதுக்கு இடப்பக்கம். கூடெண்டு ஒண்டும் இல்லை நேசமக்கா. கல்லுக்கை சின்னப் பள்ளம். நாலு முட்டை.”

“நான் பாத்திட்டு வாறன்,” என்று பற்றிமா நடந்தாள்.

“அக்கா, மெல்ல! பாத்துப் பாத்துக் காலை வையுங்கோ!”

அவள் இருபது அடி போயிருக்கமாட்டாள். காலடியில் இருந்து குருவி கிளம்பியது. பறக்கவில்லை. ஒரு செட்டையை நிலத்தில் இழுத்துக்கொண்டு, கீச்சிட்டுக்கொண்டு, தத்தித் தத்திப் போனது. விழுந்தது. எழும்பி மறுபடி விழுந்தது.

“ஐயோ மாதாவே! தம்பி, செட்டை முறிஞ்சு போச்சடா!” பற்றிமா கையை ஏந்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். “வாம்மா, வா, ஒண்டும் செய்யமாட்டன்.”

“அக்கா, விடுங்கோ! அதுக்கு ஒண்டுமில்லை!”

“என்ன ஒண்டுமில்லை? துடிக்குது!”

“நடிக்குது அக்கா!”

அவள் கேட்கவில்லை. குருவி அவளை வலப்பக்கம் கூட்டிக்கொண்டு போனது. கிட்டப் போனால் இன்னும் பத்தடி. குனிந்தால் இன்னும் பத்தடி. வேலியோரம்வரை போனபின், செட்டை இரண்டையும் நேராக விரித்து, ஒரு நோவும் இல்லாமல் எழும்பிப் பறந்தது. பற்றிமா கையை ஏந்தியபடி நின்றாள்.

வின்சன்ற் சிரித்ததில் வரைபடம் கையை விட்டுப் பறந்து எசனுக்குள் போனது.

“சரியான கள்ளி,” என்றாள் பற்றிமா மூச்சு வாங்கி. “என்னைப் பேய்க்காட்டிப் போட்டுது.”

“முட்டையிட்டை ஆள் போகாமல் இருக்க அப்பிடிச் செய்யும். தாயும் செய்யும், தகப்பனும் செய்யும். இப்ப திரும்பி வாங்கோ, குழாய்க்கு இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். நில்லுங்கோ! அசையாதேங்கோ! உங்கட சப்பாத்துக்கு முன்னாலை!”

“கல்லுத்தான் கிடக்கு.”

“வடிவாப் பாருங்கோ.”

அவள் குந்தினாள். முகத்தை நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல், “நாலு,” என்றாள். “கல்லு மாதிரியே இருக்கு. புள்ளி போட்டு.”

“ஓம் அக்கா. நாலு.”

“இது எங்கையிருந்து வாறது?”

“ஆபிரிக்காவிலையிருந்து வருமாம். சித்திரையிலை வந்து, ஆடியிலை திரும்பிப் போயிடும். மன்னாரிலை உப்பளத்திலையும் இதே சாதிதான் நிக்கிறது, நீங்கள் பாத்திருப்பியள்.”

“உப்பளத்திலை நான் உப்பைத்தான் பாத்தனான்.”

பாயை இங்கால் பக்கம் விரித்துக் கட்லட் சாப்பிட்டோம். குருவி திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும்வரை பென்ஜமின் ஒரு வாய் வைக்கவில்லை. உட்கார்ந்தபின்தான் கடித்தான். வின்சன்ற் திங்கட்கிழமைக்கான வசனங்களை டொச்சில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பற்றிமா அவனோடு சண்டை பிடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தக் குழாய்ப் பக்கமே பார்த்தாள்.

“ஊரிலை நாங்கள் இருந்த வீடு மாதிரி ஒரு மறைப்பும் இல்லாமல் கிடக்கு,” என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

திரும்பும்போது ட்ராமில் பென்ஜமின் என் பக்கத்தில் இருந்தான். “நேசமக்கா, இந்த நாட்டிலை என்ர பேர் எத்தினை கடதாசியிலை இருக்குத் தெரியுமே? எல்லாத்திலையும் ஒரு நம்பரும் சேந்து இருக்கும். நம்பர் இல்லாமல் வந்தது அந்தப் படத்துக்குக் கீழைதான்.”



திங்கட்கிழமை வெயில். அலுவலகத்தின் மூன்றாம் மாடி நடையில் வரிசையாகக் கதிரை. புழுக்கத்துக்கு எல்லா அறைக் கதவும் திறந்து கிடந்தது. அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள், நான் கதவடிக் கதிரையில். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர்ப்பலகையில் ஹெல்மர் என்றிருந்தது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். மரியாதையாகத்தான் கதைத்தாள். பாதரின் கடிதத்தைப் புரட்டினாள், சான்றிதழைப் புரட்டினாள், பேப்பர்த் துண்டில் கை நின்றது.

“நல்ல படம்,” என்றாள். “இதை எடுத்தது நீங்கள்தானா?”

பென்ஜமின் நிமிர்ந்தான். வின்சன்ற் தொண்டையைச் செருமினான். சனிக்கிழமை முழுதும் சொல்லிப் பார்த்த வசனம் வாயில் வரவில்லை.

“எடுத்தபோது எங்கே நின்றீர்கள்?”

வின்சன்ற் நெற்றியைத் துடைத்தான். “அது வந்து… அங்கே ஒரு தண்டவாளம்…”

“இல்லை,” என்றது பற்றிமாவின் குரல். டொச்சில். சலவைப் பகுதியில் பதினொரு வருடமாகக் கேட்டுக் கேட்டு எடுத்த டொச், முன்பின்னாகக் கிடக்கும். “படம் நான் எடுத்தது.”

கதிரை இழுபட்ட சத்தம். பென்ஜமின் தமிழில், “அக்கா…” என்றான்.

“நீ பேசாமல் இரு.” மறுபடி டொச்சில்: “கமரா எங்களுடையது. மகளின் முதல்நன்மைக்கு வாங்கியது. நான் எடுத்தேன். எனக்கு எசன் போகலாம். பாஸ்போட் இருக்கு.”

“ஆனால் கீழே உங்கள் தம்பியின் பெயர் இருக்கிறதே?”

“நான்தான் போட்டேன். அவன் பைல் மெல்லிசு. தடிப்பாக்க வேணும் எண்டு.” பற்றிமா கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். “என்னுடைய பிழை. அவனுக்குத் தெரியாது.”

ஹெல்மர் கண்ணாடியைப் போட்டுப் படத்தைக் கிட்டப் பிடித்தாள். “இந்தப் பறவைக்குச் செட்டை முறிந்திருக்கிறதா?”

“இல்லை. நடிப்பு. கால் பக்கத்தில் முட்டை. கல்லு மாதிரி. நாலு. எங்களை வேறு பக்கம் கூட்டிப் போகும். முட்டையைப் பார்க்காமல் என்னைப் பார் எண்டு கத்தும்.” கொஞ்சம் நிறுத்தி, “நானும் பின்னாலை ஓடினேன்,” என்றாள். “அது கெட்டிக்காரி.”

பக்கத்து அறையில் ஒரு முத்திரை விழுந்துகொண்டிருந்தது. ஹெல்மர் பற்றிமாவைப் பார்த்தாள், நெடுநேரம். பிறகு பென்ஜமினைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரைத்துணிக்குக் கீழே சரளையில் ஊன்றி ஊன்றி முழங்கையெல்லாம் காய்த்துப்போயிருந்தது அவனுக்கு. அன்று அரைக்கைச் சட்டை.

“அப்படியானால் இது இந்தப் பைலுக்கு உரியதல்ல,” என்றாள் ஹெல்மர். குத்தியிருந்த கம்பியை நகத்தால் நிமிர்த்தி, கிழியாமல் கழற்றி, பற்றிமாவிடம் நீட்டினாள். “உங்களுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.” பிறகு பென்ஜமினின் கடதாசியை எடுத்து முத்திரை குத்தினாள். ஆறு மாதம்.

படியிறங்கும்போது வின்சன்ற்தான் முதலில் மூச்சு விட்டான். “ஆறு மாதம் மச்சான்! ரெண்டு மாதம் தாறதே பெரிய பாடு. பற்றிமா, உமக்கு இவ்வளவு டொச் தெரியுமெண்டு இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை? தொலைபேசி வந்தால் என்னிட்டை ஓடி வாறனீர்.”

“உங்கட மரியாதையைக் கெடுக்கக்கூடாதெண்டு.”

“கேட்டியளோ நேசமக்கா?”

சிரித்தோம். பென்ஜமினும் சிரித்தான். சிரிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ட்ராம் தரிப்பில் நிழல் இல்லை. பற்றிமா பேப்பர்த் துண்டை நாலாய் மடிக்கப் போனவள், படத்தின்மேல் மடிப்பு விழும் என்று கண்டு, விரித்துத் தன் பைக்குள் பாஸ்போட்டுக்குள் வைத்தாள்.

“ஏனடா பேசாமல் நிக்கிறாய்? கோவமோ?”

“கோவமில்லை அக்கா.”

“உன்ர பேரை நான் எடுத்துப்போட்டன். தெரியும். வேறை வழி எனக்குத் தெரியேல்லை.”

“சரியாத்தான் செய்தனீங்கள்.”

“இனி அந்தப் பக்கம் காலே வைக்கக்கூடாது, கேட்டியோ? அந்த மனிசி விளங்கித்தான் விட்டவ. இன்னொருக்கால் விடமாட்டா. சத்தியம் பண்ணு.”

“ஓம் அக்கா. போகமாட்டன்.”

“டெல்சியின்ர தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

“அவளை ஏன் இழுக்கிறியள்? போகமாட்டன் எண்டால் போகமாட்டன்.”

வளைவில் ட்ராம் திரும்புகிற சத்தம் கேட்டது. வின்சன்ற் ரிக்கற்றைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினான். பென்ஜமின் அது வருகிற பக்கம் பார்க்கவில்லை. எசன் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வியாழக்கிழமை குஞ்சு பொரிக்கும், அக்கா. பொரிச்ச அண்டைக்கே எழும்பி ஓடிப்போயிடும். பிறகு காணக்கிடையாது. ஆர் போய்ப் பாக்கிறது?”